நன்றி சொல்லும் புத்தகங்கள்

ரொறன்ரோவில் அக்கா வீட்டில் இருந்த காலத்தில் நான் தனியாகப் போய்வரக்கூடிய ஒரே இடம் நூலகம்தான். தனியாக என்றால், தள்ளுவண்டியில் அக்காவின் சின்ன மகனையும் வைத்துக்கொண்டு. என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவள் அக்கா. அவளும் அத்தானும் தொழிற்சாலை வேலைக்குப் போக, அவர்களின் இரண்டு பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில், வெக்ஸ்போர்ட்டில், பதினோராம் மாடியில் இரண்டு வருடங்கள் அப்படியே போய்விட்டன.

ஒக்ரோபர் பிறந்ததும் நூலகத்தில் ஒரு மேசை நிறையத் தாங்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாளைப் பற்றிய புத்தகங்களை அடுக்கிவிடுவார்கள். இரண்டாவது வருடம் ஒன்றுவிடாமல் படித்தேன். எல்லாம் சிறுவர்களின் படப் புத்தகங்கள். என் ஆங்கிலத்துக்கு அவைதான் அளவு. அந்தக் கதைகளில் ஒருவருக்கும் ஷிப்ட் கிடையாது. அநேகமானவற்றில் அன்றைய விருந்துக்கு வெட்ட வைத்திருந்த வான்கோழி தப்பி ஓடிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் நான் இரண்டு தரம் படிப்பேன். முடிவில் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்காள் எதற்கு நன்றி என்று சொல்வார்கள்.

எனக்கு அது சுத்த விசர்த்தனமாகப் பட்டது. நாங்கள் வீட்டுக்குள் நன்றி சொல்வதில்லை. நன்றி என்பது கூட்டம் முடிகிறபோது ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்வது. அதைக் கேட்டதும் சனம் எழும்பி வீட்டுக்குப் போகும்.

அந்தக் கிழமை என் கைப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்தில், பகல் வகுப்பில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று லோங் வீக்கெண்ட் முடிந்து செவ்வாய்க்கிழமைக்குள் அறிவிக்க வேண்டும். நான் வகுப்புக்குப் போனால் சின்னவனைப் பார்க்க ஆளில்லை. அக்காவிடம் எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளும் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

திங்கட்கிழமைதான் தாங்ஸ்கிவிங். மத்தியானம் அக்கா வான்கோழியைத் துண்டுதுண்டாக வெட்டிப் பிரட்டல் கறி வைத்திருந்தாள். அவளுடைய ஏழு வயது மகளுக்கு அந்தப் புத்தகங்கள் முழுவதையும் வாசித்துக் காட்டியது நான்தான். நன்றி சொல்லாமல் ஒருவரும் சாப்பிடக்கூடாது என்று அவள் சட்டம் போட்டாள். அத்தான் வேலைக்கு நன்றி என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, நல்ல பிள்ளைகளுக்கு என்றாள். அடுத்தது என் முறை. இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். முதலில் நன்றி, பிறகு கடிதம். புத்தகங்களில் எல்லாம் சுமுகமாகத்தானே முடிந்தது.

"அக்கா, என்னைக் கூப்பிட்டு இவ்வளவு நாளும் வைச்சிருந்ததுக்கு நன்றி."

அக்கா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்கு ஏன் நன்றி சொல்லுறாய்? நான் என்ன பிறத்தியாளே?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எங்கையோ போகப்போறாய், என்ன?"

அத்தான் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவள் அதட்டினால் என்ன சொல்வதென்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன். அழுதால் என்ன சொல்வதென்று யோசிக்கவே இல்லை.

"ஒரு இடமும் போகேல்லை அக்கா. புத்தகத்திலை இருந்தது, அதுதான் சொன்னனான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து என் கோப்பையில் போட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தபடியால் முழுவதையும் தின்று முடித்தேன்.

அடுத்த நாள் காலை அவர்கள் வேலைக்குப் போனபின் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்து, வரமாட்டேன் என்றேன். சின்னவன் மடியில் இருந்து வயரை இழுத்துக்கொண்டிருந்தான். முதல்நாள் அக்கா ஒரு சொல் ஏசியிருந்தால், அந்த ஆத்திரத்திலேயே நான் படிக்கப் போயிருப்பேன். அவள் ஏசவில்லை.