கடைசி யாருங்க?

கடலோர நகரமான சியென்ஃபுவேகோஸில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் ஒடாலிஸுக்குத் தன் தெருவின் வரிசையைக் கண்டாலே எரிச்சல். தண்ணீர் வண்டிக்கு வருகிறவர் "கடைசி யாரு?" என்பார். ஒருவர் கை தூக்குவார். வந்தவர் அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கோ வீட்டுக்கோ போய்விடுவார். "இது வரிசையா, சந்தைக்கடையா?" என்று ஒடாலிஸ் தன் போனிலேயே ஒரு நிரல் எழுதினாள். பெயரைச் சொன்னால் போதும், வண்டி வந்ததும் போன் கூப்பிடும்.

அவள் வழக்கமாக எழுதுவது படம் வரையும் நிரல். கடைசியாகப் போட்ட கோட்டை முதலில் அழிக்க அதற்கு அடுக்குதான் வேண்டும். கழுவிக் கவிழ்த்த தட்டுகளைப் போல, கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வரும். பழக்க தோஷம், இங்கேயும் அடுக்கையே போட்டுவிட்டாள். ஒரே ஒரு பெயரை வைத்துச் சோதித்தபோது ஒரு பிசகும் தெரியவில்லை.

வண்டி வந்தது. போன் கடைசியாக வந்தவனைக் கூப்பிட்டது. சிரித்தார்கள். புதிதாக வந்தவர்களெல்லாம் அடுக்கின் உச்சியில் ஏறிக்கொண்டே இருக்க, விடியலில் வந்தவர்கள் அடியில் நசுங்கினார்கள். முந்தியவன் கை மந்திரவாள் என்பதெல்லாம் அன்று பலிக்கவில்லை.

"நேத்துப் பொறந்தவன் குளிக்கிறான், நாங்க பல்லு வெளக்கலயே! உன் போனைத் தூக்கிக் கடல்ல போடு!"

பதற்றத்தில் ஒடாலிஸ் எதையோ அழுத்த, இருந்த பெயர்களும் அழிந்தன. ஓட்டுநர் இறங்கி வந்தார். "இன்னும் ஒரு வீட்டுக்குத்தான் தண்ணி இருக்கு. யாருக்குன்னு சொல்லுங்க."

போனில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. ஆனால் போனுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பழக்கத்தை விடாமல் "கடைசி யாரு?" என்றும் கேட்டு வைத்திருந்தார்கள்.

"எனக்கு முன்னாடி அந்தச் செவப்புச் சட்டை."

"எனக்கு முன்னாடி பல் டாக்டரம்மா."

"எனக்கு எவெலியோ."

முழு வரிசையும் ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரியும். அதை வைத்தே சிதறிக் கிடந்த தெரு ஒரு சங்கிலியாகக் கோத்துக்கொண்டது.

"அப்ப எவெலியோதான் மொத ஆளு. குழாயப் பிடிப்பா!"

எவெலியோ கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். "நான் இல்ல. எனக்கு முன்னாடி நெரெய்டா, அதுதான் மொதல்ல வந்துச்சு. பிள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருக்கு. வண்டிய அங்க விடுங்க."

"அடப்பாவி, உன் தொட்டியும் காஞ்சு கெடக்கே!"

"கெடக்கட்டும். அந்தப் பொண்ணு என்னை நம்பித்தானே போச்சு?"

அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வண்டி, பச்சைப்பிள்ளை இருந்த வீட்டை நோக்கித் திரும்பியது.

அன்றே அவள் அடுக்கை எடுத்துவிட்டு, முதலில் வந்தவர் முதலில் போகும் வரிசையை வைத்தாள். சின்னத் திருத்தம்தான். இந்த முறை பல பெயர்களைப் போட்டுப் பார்த்தாள்.

அடுத்த வண்டிக்கு விடியலிலேயே போனாள். எவெலியோ மட்டும் வாளிகளோடு உட்கார்ந்திருந்தான்.

"கடைசி யாருங்க அண்ணே?"

"நான்தான். ஏன், உன் போனு சொல்லாதா?"

"சொல்லும். ஆனா நீங்க காப்பி குடிக்க வீட்டுக்குப் போனா, உங்களுக்காகப் பேச ஒரு ஆள் வேணும்ல? போயிட்டு வாங்க, நான் இருக்கேன்."