ஒரு நாள் முன்னால் கிளம்பிய பை

கல்லூரியில் நான் புவியியல் படித்தவள். காற்று மணலை எப்படிக் குவிக்கிறது, பிறை வடிவக் குன்று எப்படி உருவாகிறது என்றெல்லாம் ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு, பென்சிலால் நிழல் தீட்டி, கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் கள்ளக்குறிச்சியை விட்டு நான் போன அதிகபட்ச தூரம், அந்தப் படிப்புக்காகப் போன கடலூர்தான்.

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவரோடு வேலை பார்த்த திருச்செந்தூர்க்காரர் ஒருவர், தங்கள் பக்கத்தில் தேரிக்காடு என்று ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல் மேடுகள். காற்றடித்தால் இடம் மாறும். நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. இவர் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னபோது நான் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் வரைந்த குன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறதாமே!

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. மணலைப் பார்க்க ஒரு பயணமா என்று அவள் முகம் சுருங்கியது. சென்னையில் கடற்கரை ஓரமாக ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா இருந்தது. அதன் விளம்பரம் பத்திரிகையில் வந்திருந்தது: வானத்தைத் தொடும் ராட்டினம், தண்ணீரில் ஓடும் படகு, சுற்றிச் சுற்றி வரும் குட்டி ரயில். அவளுக்காக அதை வெட்டி, சோற்றுப் பருக்கை தேய்த்து, பயணத் திட்டம் எழுதும் நோட்டில் ஒட்டினேன். ஏழு நாள் விடுமுறை. முதல் நாள் மதுரை, இரண்டாம் நாள் திருச்செந்தூர், மூன்றாம் நாள் முழுக்கத் தேரி, பிறகு திருச்சி வழியாகச் சென்னை, ராட்டினம், வீடு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். எங்கே சாப்பாடு, எங்கே தங்கல், காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை என்பதுவரை எழுதினேன். பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காதே என்று இரண்டு பெரிய கேன் வாங்கினேன். பிறகு அது போதாதென்று மூன்றாவதும்.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த என் கணவரின் அக்கா நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, மணலப் பாக்கவா அவ்ளோ தூரம்? திருக்கோவிலூர் ஆத்துல இல்லாத மணலா? ஓசில பாத்துட்டு மத்தியானம் வூட்டுக்கு வந்துடலாம்."

"அது வேற மணலுங்க அண்ணி. செவப்பு."

"செவப்பு மணலுன்னா கொழம்புல போடப் போறியா?"

ஆனால் நோட்டில் தன் பெயரும் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். முன் சீட்டு வேண்டுமென்று மறுநாள் தம்பியிடம் சொல்லியும் வைத்தார்.

என் பயம் வழியைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. திட்டம் போடுவதில் எனக்கு எவ்வளவு ஆசையோ, கடைசி நாளில் அதைக் கலைப்பதில் அவ்வளவு பழக்கம். மகளுக்கு லேசாக இருமல் என்று பாண்டிச்சேரியை நிறுத்தியது நான். மேகம் கறுக்கிறது என்று ஏற்காட்டை நிறுத்தியதும் நான். இரண்டு முறையும் இருமலும் வளரவில்லை, மழையும் வரவில்லை. அதனால் இந்த முறை மகள் தினமும் சாயங்காலம் ஒரே கேள்வியைக் கேட்டாள். "நெஜமாவே போறமாம்மா?" ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றேன். சொன்ன பிறகு அரிசி களைந்துகொண்டே யோசிப்பேன்: ஆமாமா?

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த வாரம் எந்த ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்து மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்கிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பார் என் கணவர். இருக்கட்டும், ரோட்டோரப் புளியமரம் என்ன செய்தது என்பேன் நான்.

புறப்பாடு வியாழக்கிழமை என்று எழுதியிருந்தேன். காலண்டரைப் பார்த்த அண்ணி அடுப்படிக்கே வந்துவிட்டார். "வியாழன் தெக்க சூலம். படிச்சவ, இது தெரியல?" அவரே மாற்றும் சொன்னார். புதன்கிழமை நல்ல நேரத்தில் ஒரு பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஒரு கண்டிஷன் உண்டு. "வெச்ச பைய பயணம் போவாம வூட்டுக்குத் திருப்பி எடுத்தாரக் கூடாது. எடுத்தாந்தா ஏழு வருசத்துக்கு அந்தப் பயணம் அமையாது."

எங்களுக்கு அம்பாசிடர் ஓட்ட ஒத்துக்கொண்ட டிரைவரின் வீடு கச்சிராயபாளையம் ரோட்டில், நாலு தெரு தள்ளி. புதன்கிழமை காலை மகளுடைய கவுன் ஒன்று, ஒரு மஞ்சள் துண்டு, என் நோட்டு, சிவப்பு மணல் அள்ளிவர ஒரு காலி பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டு அங்கே வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது கை லேசாக இருந்தது. ஏதோ என்னில் பாதி கிளம்பிப் போய்விட்ட மாதிரி.

மத்தியானம் வழிக்குப் பழம் வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போன என் கணவர் வெறுங்கையோடு வந்தார். "சின்னசேலம் ரோட்டுல மரம் சாய்ச்சிட்டாங்க. உளுந்தூர்பேட்ட பக்கமும் அப்படித்தான். பஸ்ஸு எல்லாம் நின்னுபோச்சு."

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. இந்த முறை கலைத்தது நான் இல்லை. அடுத்த நொடியே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. மகள் அடுக்கி வைத்த துணியிலிருந்து தன் பாவாடையை எடுத்துப் போய் அலமாரியில் வைத்தாள். பழக்கப்பட்டவள்.

பையை வாங்கிக்கொண்டு, கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாமென்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். டிரைவரின் மனைவி பையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவும் வைத்திருந்தாள். நான் கை நீட்டியதும் பதறினாள்.

"ஐயோ, எடுத்துக்கினு போவாதீங்கம்மா! பரஸ்தானப் பை."

ஏழு வருஷம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பாமல் இருக்கும் தைரியமும் இல்லை. மகளைப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் தாவணி போட்டிருப்பாள். ராட்டினத்தில் ஏறச் சொன்னால் சிரிப்பாள். மணலைக் காட்டினால் "சரிம்மா" என்பாள். என் கை பைமேல் அப்படியே நின்றது. ரோட்டை நினைத்தாலும் பயம், பையைத் தூக்கினாலும் பயம். வாழ்க்கையில் முதல்முறையாக, போகாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பயமாகத் தெரிந்தது.

காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, மலை வழியா போனா?"

அவர் துணியை உதறினார். "கல்வராயன் மலையா? போலாமே. வெள்ளிமல ஏறி கருமந்துற எறங்கினா அந்தாண்ட சேலத்து ரோடு. புளி லோடு எடுக்க நான் போய்க்கினுதான் இருக்கறேன். மேல ரோடு கொஞ்சம் மோசம், குலுக்கல் ஜாஸ்தி. நாமக்கல்லு பக்கம் வண்டி ஓடுதுன்னு காலையில லாரிக்காரங்க சொன்னாங்க."

"பயமில்லையே?"

"பயம் கம்மிதாம்மா."

சிரித்துவிட்டேன். மகள் என் புடவையை இழுத்தாள். "நெஜமாவே..."

"நெஜமாவே," என்றேன், அவள் முடிப்பதற்குள். வீடுவரை அவள் நடக்கவே இல்லை, ஓடினாள். அலமாரியிலிருந்து பாவாடை திரும்ப வந்துவிட்டது. திரும்பி வரும்போதும் மறியல் இருந்தால் என்ன செய்வது என்று கணவர் கேட்டார். அதற்கு ஒரு பக்கம் எழுதலாம் என்றேன். நோட்டு பையில் இருக்கிறதே, பை நாளைதானே கைக்கு வரும் என்று சொல்லிச் சிரித்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் வண்டி டிரைவர் வீட்டு வாசலில் நின்று பையை ஏற்றிக்கொண்டது. மலை ஏறத் தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் தண்ணீர் கேன்கள் மூன்றும் காலில் இடித்தன. நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் சின்னசேலத்தை அடித்துவிட்டு வெள்ளிமலை என்று எழுதினேன். குலுக்கலில் எழுத்து கோணலாக விழுந்தது. கீழே, வெகு தூரத்தில், மரங்கள் சாய்ந்து கிடந்த எங்கள் சமவெளி பச்சையாக விரிந்திருந்தது.

முன் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பாமலே சொன்னார்: "மணலப் பாக்க மல ஏறிக்கினு போற குடும்பம் நம்ம ஒண்ணுதான்."

மகள் ஜன்னலோரம் நகர்ந்து, இரண்டு கையையும் ராட்டினத்தில் இருப்பதைப்போல் மேலே தூக்கினாள்.