பனையூரிலிருந்து நாற்பத்தாறு நிமிடம்

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று என்னைக் கேட்டால் போதும். போனைத் திறந்து மேப் பார்க்கத் தேவையில்லை. எங்கள் ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து மாரெட்பள்ளிக்குக் காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு நிமிடம். அதே வழி எட்டே காலுக்கு நாற்பது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஸ் கழுவினேன், கிளீனராக இருந்தேன், டிரைவரானேன். பிறகு சொந்தமாக ஒரு பஸ், அதிலிருந்து ஏழு பஸ். எங்கள் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைக்கு முப்பத்தொரு வருடம் ஸ்டாஃப் பஸ் ஓட்டினேன். ஒரு நாள்கூட சங்கு ஊதிய பிறகு என் வண்டி கேட்டுக்குள் நுழைந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

போன வருடம் என் மகள் சென்னைக்குக் குடிபோக முடிவெடுத்தபோது, வீட்டை நான் பார்த்துத் தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னது இந்தத் தைரியத்தில்தான். மாப்பிள்ளை சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி வருவார், ஞாயிறு இரவு திரும்பிப் போவார். மகள் நான்கு வயதுப் பேத்தியோடு எங்கள் வீட்டில் இருந்துகொண்டு ஊரின் மறுகோடியில் உள்ள மாதாப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தாள். அவளுக்கும் அவள் கம்பெனியின் பெருங்குடி ஆபீசுக்கு மாற்றல் கிடைத்தது. சேர வேண்டிய நாள் அடுத்த மாதம் முதல் தேதி. வேலை ஆறு மணிக்கு முடியும் என்று எழுத்தில் வாங்கிவிட்டாள்.

அவள் கேட்டது இரண்டு. ஒன்று, கடல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் சின்ன வயதிலிருந்து ஒரு பைத்தியம். இங்கே ஏரிதான் இருக்கிறது, அது அவளுக்குப் போதவில்லை. இரண்டாவது, குழந்தை தூங்குவதற்குள் அவள் வீடு வந்து சேர வேண்டும். குழந்தை ஏழரையிலிருந்து எட்டுக்குள் தூங்கிவிடுவாள். அதற்கு மேல் அவளை யாராலும் முழிக்க வைக்க முடியாது. அப்போது மகள் வீட்டுக்கு வருகிற நேரம் எட்டு, எட்டேகால். வாரத்தில் ஐந்து நாள் தூங்குகிற குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்குக் காலை ஷிஃப்ட். நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார், எந்த வீடானாலும் அவருக்கு ஏறக்குறைய ஒரே தூரம். ஆக, பார்க்க வேண்டியது மகளுடைய வழியை மட்டும்தான்.

நான் போய்ப் பனையூரில் ஒரு வீடு பிடித்தேன். மொட்டை மாடியில் நின்றால் கடல். கீழே இரண்டு அறை, ஒரு வேப்பமரம், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. இரண்டு தெருவைக் கடந்தால் மணல். வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். ஆனால் மணலைப் பார்த்து மயங்குகிற ஆள் நானில்லை. ஒரு புது ரூட்டை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மூன்று முறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு திங்கட்கிழமை, ஒரு மழை நாள், ஒரு முகூர்த்த நாள். இந்த மூன்றிலும் தாங்குகிற ரூட் எல்லா நாளும் தாங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

மாப்பிள்ளையின் காரை வாங்கிக்கொண்டு ஓட்டினேன். பனையூரிலிருந்து கிளம்பி, அக்கரையில் திரும்பி, கால்வாய்ப் பாலம் ஏறி, சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி, பெருங்குடி. மெட்ரோ வேலைக்காக நடு ரோட்டில் தகரம் அடைத்து வைத்திருந்தார்கள், அதையும் சேர்த்துத்தான். திங்கட்கிழமை நாற்பத்தொன்று. முகூர்த்த நாள் முப்பத்தெட்டு. மழைக்காகக் காத்திருந்து, வந்த அன்று ஓட்டினேன், நாற்பத்தாறு. எல்லாவற்றையும் பஸ் நேரம் குறிக்கும் என் பழைய லாக் ஷீட்டிலேயே எழுதினேன். கட்டம் போட்ட தாள் இல்லாமல் எனக்கு எழுத வராது.

வீட்டுக்காரரிடம் வார்த்தை கொடுத்துவிட்டேன். "நான் ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான் சார், விசாரிச்சுப் பாருங்க," என்றேன். சென்னையில் என்னைப் பற்றி யாரிடம் விசாரிப்பார் பாவம். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில், சாப்பாடு முடிந்து தட்டு எடுப்பதற்கு முன்னாலேயே தாளை விரித்தேன். மகள் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"அவ்ளோதானா நைனா?"

"இன்னும் இன்னா வேணும்? நாப்பத்தாறு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் போச்சுன்னா என் மீசைய எடுத்துர்றேன்."

"இது போறதுக்கு. வர்றதுக்கு?"

"அதே ரோடுதானே பாப்பா."

சொல்லும்போதே எனக்கே ஒரு மாதிரி இருந்தது. காலையில் இருக்கிற ரோடு சாயங்காலம் இருக்காது என்று தெருவில் போகிற ஆட்டோக்காரனுக்குக்கூடத் தெரியும். அடுக்களை வாசலிலிருந்து என் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"ஹவ், ஆமா, அவருகிட்ட போய் சாயங்காலத்தக் கேக்குறியே. சின்ன வயசுல இவர ஞாயித்துக்கிழமை வர்ற மாமான்னு பக்கத்து வீட்டுல சொன்னவதானே நீ?"

"அம்மா, நக்கோ. ஆரம்பிக்காத."

"நான் எங்க ஆரம்பிச்சேன்? நைனா எப்போ வருவாருன்னு கேட்டு கேட்டு நீதான் தூங்கிருவே. இப்ப உன் பொண்ணு கேக்குறா."

பேத்தி தன் பேச்சு அடிபடுகிறது என்று தெரிந்துகொண்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். தினமும் ஆறு மணியிலிருந்து அவள் என்னைக் கேட்கிற கேள்வி, "அம்மா எப்புடொஸ்துந்தி தாத்தா?" அம்மா எப்போது வருவாள். தினமும் நான் சொல்கிற பதில், "இதோ."

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னை முட்டாள் என்று நினைப்பார்கள். ஸ்டாஃப் பஸ்ஸில் காலைக்கு மட்டும்தான் கணக்கு. வண்டி எத்தனை மணிக்கு கேட்டைத் தொட்டது, அவ்வளவுதான். ஒரு நிமிடம் பிந்தினால் நாற்பத்தெட்டு பேருக்கு அரை நாள் போகும், எனக்கு ஓலை வரும். சாயங்காலம் வண்டியில் ஏற்றிவிட்டால் ஆபீசுக்குக் கவலை தீர்ந்தது. யார் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. லாக் ஷீட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. டிரைவர்கள் வழியில் நிறுத்தி டீ குடிப்பார்கள். நானும் குடித்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் அப்படி ஓட்டியவன் மூளைக்கு, ரூட் என்றால் காலைதான். மூன்று நாள் பெருங்குடிக்குக் கணக்காக ஓட்டிப் போய்விட்டு, திரும்பும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டு, இளநீர் குடித்துக்கொண்டு வந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஆறு மணிக்கு மாதாப்பூரில் அவள் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தவள் பயந்துபோனாள்.

"இன்னா நைனா, அம்மாக்கு எதாவதா?"

"ஒண்ணுமில்ல. உன் கூட வர்றேன், நட."

"கைக்கு? எதுக்கு நைனா?"

"சும்மா நடன்றேன்ல."

மெட்ரோ ஸ்டேஷனில் முதல் இரண்டு ரயிலில் ஏற முடியவில்லை. மூன்றாவதில் என்னை உள்ளே தள்ளி, அவளும் ஏறிக்கொண்டாள். யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள், நான் உட்காரவில்லை. ஏழு பஸ்ஸுக்கு முதலாளியாக இருந்தவனுக்கு நிற்கத் தெரியாதா? அமீர்பேட் வந்ததும் மகள் மணியைப் பார்க்காமலே சொன்னாள், "இப்ப சாப்புடுவா." சிகந்திராபாத் தாண்டும்போது, "இப்ப பல்லு தேய்க்க மாட்டேன்னு அழுவா." தார்நாகாவில் இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே, "தூங்கிட்டா," என்றாள்.

நான் நிமிடத்தில் ரூட் போடுகிறவன். அவள் இப்படி ஒரு ரூட் வைத்திருந்தாள். மூன்றாவது ஆட்டோதான் வர ஒப்புக்கொண்டது. வீட்டுக்குள் நுழையும்போது எட்டு மணி ஐந்து நிமிடம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி எங்கள் இருவருக்கும் தட்டு வைத்தாள். குத்திக் காட்டியிருந்தால் பரவாயில்லை.

புதன்கிழமை மறுபடியும் சென்னைக்குப் போனேன். இந்த முறை சாயங்காலத்தை ஓட்டிப் பார்க்க. ஆறு பத்துக்குப் பெருங்குடி ஆபீஸ் வாசலில் வண்டியை எடுத்தேன். வியாழக்கிழமை ஒரு மணி ஐந்து நிமிடம். வெள்ளிக்கிழமை ஒரு மணி முப்பத்திரண்டு. சோழிங்கநல்லூர் சிக்னலிலேயே நான்கு முறை பச்சை விழுந்து அணைந்தது. அக்கரையில் திரும்பினால் ஊரே காரை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகிறது. நாம் வீட்டுக்குப் போகிற நேரத்தில் மற்றவர்கள் காற்று வாங்கப் போகிறார்கள். ஏழு நாற்பத்திரண்டுக்குப் பனையூர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அலைச் சத்தம் நன்றாகக் கேட்டது. அந்நேரம் எங்கள் வீட்டில் குழந்தை தூங்கியிருப்பாள்.

வண்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகளிடம் வியாழக்கிழமைக் கணக்கை மட்டும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது உண்மை. வார்த்தை கொடுத்தாகிவிட்டது. வீடும் நல்ல வீடு. நான் பிடித்த வீடு.

பிறகு இறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்றேன்.

"என்ன சார், சொன்னா சொன்னதுதான்னீங்க?"

"ஆமா சார், சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். என் பொண்ணு வர்றதுக்குள்ள புள்ள தூங்கிரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். அவருக்கும் பேரக்குழந்தைகள் உண்டாம், வேறு தேசத்தில். அந்தப் பேச்சு எனக்கு அன்று பிடிக்கவில்லை. சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

மறுநாள் பெருங்குடியிலேயே, ஆபீசுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் ஒரு ஃபிளாட் பார்த்தேன். பழைய கட்டடம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு அடுக்களை. அவர்கள் என்ன தாளிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். கடலும் இல்லை, காற்றும் இல்லை. போனில் மகளைக் கூப்பிட்டு இரண்டு வீட்டையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒன்று முப்பத்திரண்டு என்பதையும் சொன்னேன்.

"பனையூர் வீட்டு மாடியில நின்னா கடல் முழுசாத் தெரியுதா நைனா?"

"தெரியுது. பொய் சொல்ல மாட்டேன்."

"இந்த ஃபிளாட்டுலயிருந்து கடலுக்கு?"

"ஞாயித்துக்கிழமை காலையில திருவான்மியூருக்கு இருபத்தஞ்சு. வேற நாள்ல போவாத."

"ஆபீசுக்கு?"

"ஒம்போது நிமிஷம். நடந்து. உன் நடைக்கு, என் நடைக்கு ஏழு."

"வர்றதுக்கு?"

"அதுவும் ஒம்போதுதான். ரெண்டு பக்கமும் மூணு வாட்டி நடந்துட்டேன். இன்னிக்கு மழை வேற."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அழுதாளோ என்னவோ, போனில் எனக்குப் பிரித்துத் தெரியாது. "சாவிய வாங்கிரு," என்றாள்.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் குடிபோனார்கள். சாமான் வண்டியை நானே ஏற்பாடு செய்தேன், ஒரு தட்டுகூட உடையவில்லை. ஆறு மணி ஆனால் இங்கே என்னிடம் கேள்வி கேட்க ஆளில்லை. மனைவி டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறாள்.

இதுவரை குழந்தை கடலுக்கு நான்கு முறை போயிருக்கிறாளாம். மணல் சுடுகிறது என்று புகார். ஆறேகாலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாளாம். மகள் தினமும் வீடு முழுக்கத் தேடுவது போல நடித்து, கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்து, கடைசியில்தான் கதவுக்குப் பின்னால் பார்க்கிறாளாம். அதற்கே கால் மணி நேரம் ஆகிறது என்று மாப்பிள்ளை சொன்னார்.