ஸ்பகெட்டிப் பாலமும் ஈர்க்குமாறும்

மகள் கட்டும் பாலம் உடையப்போகிறது, வந்து பாருங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. கேக்கும் உண்டாம். டென்மார்க்கில், ரண்டர்ஸில் இருபது வருடம் இருந்தும் இந்த நாடு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆரணிக்குப் பதின்மூன்று வயது. காய்ந்த ஸ்பகெட்டியைக் கட்டுக்கட்டாக ஒட்டி, இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம் போட்டு, தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட வேண்டும். எத்தனையாவது போத்தலில், எங்கே உடையும் என்று முதலே எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று கிழமை மண்டையை உடைத்துக்கொண்டு, "நாலாவது போத்தல், இடது மூலை" என்று அவள் எழுதியிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஆய்வுகூடம் இருந்தது. பூட்டின் திறப்பு அதிபரிடம் இருந்தது. மேல்வகுப்பு அண்ணைமாரின் செய்முறைக் கொப்பியைப் பார்த்தெழுதுவோம். எல்லாருடைய ஊசலும் பிசகாமல் ஒரே மாதிரி ஆடும். ஒருமுறை நான் மாமரக்கொப்பில் கல்லைக் கட்டி உண்மையாகவே ஆட்டி, வந்த விடையை அப்படியே எழுதிவிட்டேன். "புவியீர்ப்பு உனக்கு மட்டும் குறைவோடா?" என்று வாத்தியார் பிரம்பை எடுத்தார். அன்றிலிருந்து பிழை என்றாலே எனக்குக் கை கூசும்.

பெற்ற மனம் பித்து. ஆரணி நீச்சலுக்குப் போயிருந்த சனிக்கிழமை, தமிழ்க்கடையில் வாங்கிய தென்னோலை ஈர்க்குமாற்றிலிருந்து ஏழு ஈர்க்குகளை உருவி, பாலத்துக்குள் நெடுகச் செருகி, மேலே ஸ்பகெட்டி ஒட்டி மறைத்தேன்.

அந்த நாளும் வந்தது. மற்றப் பிள்ளைகளின் பாலங்கள் மளமளவென்று முறிந்தன. முறிய முறியக் கைதட்டல். ஆரணியின் பாலம் நாலாவது போத்தலைத் தாங்கியது. ஐந்து, ஆறு, போத்தல்கள் தீர்ந்தன. மெட்ட என்கிற ஆசிரியை தன் கைப்பையைத் தொங்கவிட்டார். பிறகு ஒரு தகப்பனின் சப்பாத்துகள். பிறகு மிச்சக் கேக். பாலம் அசையவில்லை, ஆரணியின் முகந்தான் உடைந்தது.

"ஏன் உடையவில்லை?" மெட்டவுக்கு ஒரே ஆனந்தம்.

"என் கணக்குப் பிழை," என்றாள் ஆரணி டேனிஷில், தலை குனிந்தபடி.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன். ஈர்க்குக்கு டேனிஷில் சொல் தெரியாது. "கணக்குச் சரி. பாலத்துக்குள் விளக்குமாறு இருக்கிறது. நான்தான் வைத்தேன்," என்றேன்.

"அருமை! எத்தனை விளக்குமாறு?" என்று கேட்டு, மெட்ட அதைப் பலகையில் எழுதத் தொடங்கினார்.

வீட்டில் எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிறவள், அன்று காரில் தமிழில் சொன்னாள்: "அப்பா, இனி என்ர பாலத்தைத் தொடக்கூடாது."

"ஓம் பிள்ளை."

அடுத்த கிழமை புதிதாகக் கட்டினாள். நாலாவது போத்தல், இடது மூலை, மளுக். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது நான்தான்.

அந்த ஏழு ஈர்க்குகளும் இப்போது வகுப்பு யன்னலில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் நிற்கின்றன. ஆரணி சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள்; மேலே டேனிஷில், கீழே கோணல்மாணலான தமிழில்: "அப்பாவின் பிழை". அதை வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. பிழை விட்டும் அடி வாங்காமல் நான் நின்ற முதல் வகுப்பறை அது. மிச்ச ஈர்க்குமாறு வீட்டில் கட்டுத் தளர்ந்து கிடக்கிறது. கூட்டினால் பாதிக் குப்பை போகிறது, பாதி அங்கேயே நிற்கிறது.