ஒரு சென்டிமீட்டர் கூடின சம்மட்டி

கணபதி ஏரியாவில் வெங்கடபதியின் பேட்டர்ன் பட்டறைக்குள் நுழைந்தால், தலைமுடியெல்லாம் மரத்தூளோடு ஒரு பெண் உட்கார்ந்து எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பாள். அவள்தான் கயல்விழி, வயது முப்பத்தெட்டு. பம்புக்கு இரும்பு வார்க்கும் முன்பு அதே உருவத்தை மரத்தில் செய்து தரும் பட்டறை அது. அங்கே அளவு குறிப்பதும் அறுப்பதும் ஆண்கள். பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது, பன்னிரண்டு வருடமாக, கயல்விழி.

அவளுக்கு வேண்டியது அளவு குறிக்கும் மார்க்கிங் மேஜை. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்குப் போன ஐயாசாமிக்கும் மயிலாத்தாளுக்கும் பிறந்து, பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள். டிராயிங்கைத் தலைகீழாக நீட்டினாலும் படிப்பாள். நான்கு முறை மேஜையைக் கேட்டாள். நான்கு முறையும் "பாக்கலாம் அம்மணி" என்றார் முதலாளி. நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தமென்று நமக்குத் தெரியாதா?

அப்போதுதான் அந்தப் போட்டி வந்தது. 'சாம்பல் கோட்டை' என்று செல்போனில் ஒரு கேம். கயல்விழிக்கு அதன்மேல் பைத்தியம். மத்தியானம் ஒரு கையில் தயிர்சாதம், மறுகையில் ராட்சச வதம். அதில் வரும் ஆயுதம் ஒன்றை வீட்டிலேயே அச்சு அசலாகச் செய்து எடுத்துவந்தால் மேடையேற்றுவார்களாம். அவள் நேரே முதலாளியிடம் போனாள்.

"நானே அளவு போட்டு, நானே அறுத்துச் செய்யறேனுங்க. வந்து பாருங்க. மேடை ஏறுச்சுன்னா மேஜையக் குடுங்க."

"ஏறட்டும். ஏறுச்சுன்னா திங்கக்கெழம மேஜை உன்றதுதான்" என்றார் வெங்கடபதி, எட்டுப் பேர் காதுபட. மேஜையில் இருந்த அப்புசாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் எடுத்துக்கொண்டது கேமில் வரும் ஒரு சம்மட்டி. இரண்டு மாதம் அவள் வீட்டுச் சமையலறையில் நடக்க இடமில்லை. பிளாஸ்டிக் பைப்பில் கைப்பிடி, ஃபோம் ஷீட்டில் தலையும் பிடியின் அடியில் ஒரு குமிழும், அதன்மேல் பட்டி, வெள்ளிப் பெயிண்ட், பிடிக்கு ரெக்சின் சுற்று. கேமில் அந்தச் சம்மட்டி சரியாக ஒரு மீட்டர். போட்டி விதியும் ஒரு மீட்டர்தான். அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர் போனாலும் மேடை கிடையாது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, அவிநாசி ரோட்டில் போட்டி நடந்த ஹால் வாசலில், டீஷர்ட் போட்ட பெண்ணொருத்தி டேப்பை வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நூத்தியொரு சென்டி இருக்குதுங்க்கா. நாலு மணிக்குள்ள சரி பண்ணுனா உள்ள விடறேன்."

கயல்விழிக்கு நம்ப முடியவில்லை. அளவில் தப்பா? அதுவும் அவளா? டேப்பைக் கேட்டு வாங்கிச் சம்மட்டியின் தலையை அளந்தாள். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பதும் மூன்று மில்லிமீட்டரும். அடிக்குமிழ் பத்துக்குப் பதில் பத்தும் ஒரு மில்லிமீட்டரும். எல்லாமே நூற்றுக்கு ஒன்று கூடுதல். புரிந்த உடனே நெற்றியில் அறைந்துகொண்டாள்.

வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்காகப் பட்டறை ஸ்கேலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கொஞ்சம் நீட்டியே போட்டிருக்கும். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்பார்கள். பன்னிரண்டு வருடமாகக் கண்ணில் பட்டது அந்த ஸ்கேல் ஒன்றுதான். அதையே வீட்டுக்கும் எடுத்துப் போயிருக்கிறாள். ஃபோம் எங்கே சுருங்கப் போகிறது?

கால்டாக்ஸி ஓட்டும் கணவன் ஆல்வின் டிக்கியிலிருந்து ஹேக்சா பிளேடோடு ஓடி வந்தான்.

"அடிக்குமிழ அறுத்து வீசிப்போடு கயலு. ஆரு பாக்கப் போறா?"

"குமிழில்லாம அது சம்மட்டியாங்க? வெறும் ஒலக்கை. நடுவுல எடுக்கோணும்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெக்சினைப் பிரித்தாள். பைப்பைச் சுற்றிக் காகிதப் பட்டையை ஒட்டி நேர்கோடு பிடித்தாள். பிளேடு தின்னும் தூளையும் கணக்கில் சேர்த்து இரண்டு கோடு. கோணலாக அறுபட்டால் தலை ஒருபக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் சரிசெய்ய வழியே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தாள். பேனர் கட்டி மிஞ்சிய சவுக்குக் குச்சியை ஆல்வின் பொறுக்கி வந்தான். அதைச் சீவி உள்ளே அடித்து, இரண்டு துண்டையும் முட்டவைத்து, ரெக்சினை மறுபடி இறுக்கிச் சுற்றும்போது மணி மூன்று ஐம்பத்தாறு.

டேப் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது காட்டியது. சம்மட்டி மேடை ஏறியது. பரிசு யாருக்கோ போனது. போகட்டும், அவள் அதற்கா வந்தாள்?

இறங்கி வந்ததும் வெங்கடபதி நின்றிருந்தார். சம்மட்டியை வாங்கி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நோட்டம் பார்த்தார். கோணல் தேடுகிற கண் அது. ஒன்றும் அகப்படவில்லை.

"மார்க்கிங் சுத்தமா இருக்குது அம்மணி. சொன்ன சொல்லு சொன்னதுதான். திங்கக்கெழம மேஜைக்கு வந்துரு."

ஆல்வின் பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினான். வாயை மூடு என்று அர்த்தம். மூடியிருக்கலாம். ஆனால் மூடி மறைத்த அளவு என்ன செய்யும் என்று அவள் பட்டறையில் பார்த்திருக்கிறாள். போன வருடம் மேஜையில் நடந்த ஒரு தப்பை மறைத்ததில் நாற்பது வார்ப்பு குப்பைக்குப் போனது. அதிகமாகத் தேய்த்துவிட்டாள் என்று பழி இவள் தலையில் விழுந்தது.

"ஏனுங்க மொதலாளி, ஒண்ணு சொல்லோணுங்க" என்று ஆரம்பித்தவள், ஸ்கேல் மாறியதையும் வாசலில் அறுத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். ஆல்வின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெங்கடபதியின் முகம் மாறியது. "ஸ்கேலு மாத்தி எடுக்கறவங்கள எப்படி அம்மணி மேஜையில உக்கார வெக்கறது? பட்டி வேலையே பாரு. அப்பறமா பாக்கலாம்."

கயல்விழிக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, நல்லவேளை.

"பாக்கலாம்னு சொல்லாதீங்க. தப்பு பண்ணுனது நானு. கண்டுபுடிச்சது நானு. சரி பண்ணுனது நானு. உங்குளுக்குத் தெரியாததச் சொன்னதும் நானு. இந்த நாலுல உங்க மேஜையில இருக்கறவிய எத்தனைங்க செஞ்சிருக்காங்க? மொதலாவது ஒண்ணுதானுங்க! மேஜை இருந்தா வாரேன். இல்லாட்டி திங்கக்கெழம நான் வர்லீங்க."

பன்னிரண்டு வருடத்தில் அவள் முதலாளியிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. வெங்கடபதி சம்மட்டியின் பிடியைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டே நின்றார்.

"எங்க அறுத்த?" என்றார் கடைசியில். "எனக்குத் தட்டுப்படவே இல்ல."

அவள் இடத்தைக் காட்டவில்லை. "மேஜைக்கு வரட்டுங்களா?" என்றாள்.

"சரி, திங்கக்கெழம எட்டரைக்கு வந்துருங்க" என்றார் வெங்கடபதி. அவளை 'வாங்க' என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.