அவர் பேரை மீட்டுத் தந்த வேதகிரியான்

என் கணவர் முருகேசன் கடலுக்குப் போய் மீன் பிடித்தவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலையில், வலைக்கு நூல் வாங்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நடந்து வந்தவரை ஒரு கார் அடித்துத் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதற்கும் மேலாக என்னை உடைத்தது கீழ்க்கோர்ட் தீர்ப்பு. அவர்தான் திடீரென்று ரோட்டுக்குள் வந்துவிட்டார் என்று சொல்லி, கார் ஓட்டியவரை விடுதலை செய்துவிட்டார்கள். அன்று கூடவே நடந்து வந்த அவர் சிநேகிதன் செல்வம் சாட்சிக் கூண்டில் நின்று, "அண்ணாத்த ரோட்டு மேல ஏறவே இல்லீங்க. மண்ணுலதான் நடந்துகினு வந்தாரு" என்று சொன்னான். சிநேகிதன் அப்படித்தான் சொல்வான் என்று தள்ளிவிட்டார்கள். குடித்துவிட்டுக் குறுக்கே பாய்ந்திருப்பார் என்று ஊரில் பேச்சு. அவர் குடித்ததே இல்லை. எங்கள் மகள் காதிலும் அது விழுந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்த பிரதோஷத்தன்று திருக்கழுக்குன்றம் மலையேறினேன். வேதகிரீஸ்வரர் முன் அழத்தான் முடிந்தது. 'அப்பனே, போன உயிரைக் கேட்கவில்லை. அவர் பேரையாவது திருப்பிக் கொடு.' இவ்வளவுதான் வேண்டினேன்.

இறங்கும்போது பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த ஊரப்பாக்கத்து அம்மா ஒருவர், "இன்னாம்மா, ஒடம்பு முடியலியா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"விடுதலைன்னா அத்தோட முடிஞ்சிபோச்சின்னு யாரு சொன்னது? நீயே அப்பீல் போடலாம்மா. என் தம்பி ஆக்சிடென்ட்ல செத்தப்போ நாங்க போட்டோம். செங்கல்பட்டு கோர்ட்டுல இலவச சட்ட உதவி கீது. நாளைக்கே போ."

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஈசன் பதில் சொல்லிவிட்டான் என்று மட்டும் தெரிந்தது.

சட்ட உதவியில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். வழக்கு இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாமியை நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். போன மாசியில் அப்பீல் தீர்ப்பு வந்தது. சிநேகிதன் என்பதாலேயே செல்வம் சொன்னது பொய்யாகிவிடாது, இறந்தவர் மீது தவறில்லை, கண்மண் தெரியாமல் ஓட்டியவரே குற்றவாளி என்றார் நீதிபதி. செல்வம் தேம்பித் தேம்பி அழுதான்.

தண்டனை சொல்லும் முன் நீதிபதி என்னிடமும் கருத்துக் கேட்டார். கார்க்காரர் தலைகுனிந்து நின்றார். அவர் மனைவி கைக்குழந்தையோடு பின்னால் நின்றாள். சட்டத்தில் உள்ள இரண்டு வருடமும் அவர் உள்ளே கிடக்கட்டும் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாயில் வேறு வந்தது.

"தண்டன குடுங்கய்யா. ஆனா அந்தக் கொழந்த ரொம்ப நாளு அப்பனப் பாக்காம இருக்க வேணாம்."

ஆறு மாதம் என்று தீர்ப்பானது. அந்த நொடியில் என் நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு போனது. பகையில்லாத மனசு என்ற, நான் கேட்காத வரத்தையும் ஈசன் சேர்த்துக் கொடுத்திருந்தான்.

இப்போது நிம்மதியாக மீன் விற்கிறேன், நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். எங்கள் கரையோரக் குப்பங்களில் யாராவது ரோட்டில் ஆளைப் பறிகொடுத்தால், நானே செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போகிறேன். போன வாரம்கூட ஒரு பெண்ணோடு போய் வந்தேன்.

எல்லாம் முடிந்துபோனது என்று நினைப்பவர்களே, ஒருமுறை வேதகிரியான் முன் மனசைத் திறந்து அழுங்கள். யார் வாயாலாவது அவன் வழி சொல்வான். சொன்னதும் எழுந்து நடங்கள். கூடவே வருவான்.