சங்கிலியில் ஒரு கண்ணி

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் புதுப் பல் செட் வந்தது.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கிறார் அந்த டாக்டர். சின்னப் பெண். செட்டைக் கீழ்த்தாடையில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, "கடிங்க அங்கிள்" என்றார். கடித்தேன். இடது பக்க ஈறில் சுருக்கென்றது.

"இங்க குத்துது டாக்டர்."

"புதுசு இல்லையா... அப்படித்தான் இருக்கும். பழகிடும் அங்கிள்."

அவ்வளவுதான் சொன்னார். கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் பயந்துபோய் பி.பி. பார்த்தார்.

பி.பி. நன்றாகத்தான் இருந்தது. அந்த வார்த்தைதான்... அதை அதே தொனியில் நானும் சொல்லியிருக்கிறேன். வாயில் இரும்போடு நின்ற ஒரு குதிரையைப் பற்றி.

வாராவாரம் இந்தப் பத்தியில் மின்வெட்டையும் சாக்கடையையும் பற்றிப் புலம்புகிற இந்த ஆள் குதிரைக்கு எங்கே போனான் என்று கேட்பீர்கள். நான் குதிரை வைத்திருந்தவன் — செம்பாக்கத்தில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில், ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகையில். நம்பத்தான் வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். கிண்டி ரேஸில் ஒரு குதிரையில் பங்கு வைத்திருந்த நண்பர் ஒருவர், அது ஓடி முடித்துவிட்டது, இனி தீனி போட முடியாது, உன் வீட்டைச் சுற்றி இடம் கிடக்கிறதே என்றார். என் மகள் மெர்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. என்.சி.சி.யில் குதிரை ஏறக் கற்றுக்கொண்டிருந்தாள். "ப்ளீஸ்ப்பா" என்ற ஒரு வார்த்தைக்குக் குதிரை வீட்டுக்கு வந்துவிட்டது.

வெளுத்துக்கொண்டு வரும் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் குதிரை. ரேஸில் அதன் பெயர் ஸ்வீட் ரிவெஞ்ச். என் மனைவி கிரேஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பாஸ்டர் வந்து பேர் கேட்டா என்னன்னு சொல்றது? பழிவாங்கறதுன்னா?"

"ஸ்வீட்டின்னு சொல்லும்மா. மீதிப் பேரைக் கிண்டியிலேயே விட்டுட்டு வந்துடுச்சு" என்றாள் மெர்சி.

சேணம் பொருந்திவிட்டது. முதுகெலும்பைத் தொடாமல் இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்தது. வாயின் அகலத்தை ஒரு குச்சியால் அளந்து, அதற்கேற்ற கடிவாளக் கம்பியும் வாங்கினோம். நடுவில் மூட்டு வைத்த சாதாரணக் கம்பி. உதட்டோரத்தில் லேசாக ஒரு சுருக்கம் விழும்படி வாரைக் கட்டினால் போதும். அதுவும் பொருந்திவிட்டது.

பொருந்தாதது ஒன்றே ஒன்றுதான். நிறுத்த வேண்டும் என்று லகானை இழுத்தால் ஸ்வீட்டி இன்னும் வேகமாக ஓடினாள்!

ஒரு நாள் மெர்சியைச் சுமந்துகொண்டு ஏரிக்கரையிலிருந்து ரோட்டுக்கே ஏறிவிட்டாள். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் மாணிக்கம் என்கிற சக ஆசிரியர் எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"என்ன சார், உங்க குதிரை நேத்து வேளச்சேரி பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிச்சாமே! பிரேக் வைக்க மறந்துட்டீங்களா? ஃபிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் இல்ல நீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை.

அன்று மாலையே திருத்திய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நெம்புகோல் படம் போட்டேன். கடிவாளத்தில் இன்னொரு வகை உண்டு. வாய்க்குள் போகும் கம்பியின் இரண்டு முனைகளிலும் நீண்ட இரும்புக் கைகள் தொங்கும். தாடைக்குக் கீழே ஒரு சிறிய சங்கிலி. லகானை இழுத்தால் கைகள் சாயும், சங்கிலி தாடையை நெரிக்கும், கம்பி வாயை அழுத்தும். கை எவ்வளவு நீளமோ அவ்வளவு மடங்கு விசை. கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், தப்பில்லை. கணக்கின் மறுமுனையில் ஒரு நாக்கும் ஈறும் இருந்தன. அதைப் படத்தில் போடவில்லை.

பெரியமேட்டில் ஒரு தோல் சாமான் கடை. கடைக்காரர் என் படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"இன்னா சார், குதிரை ரொம்ப பேஜார் பண்ணுதா? இத்த மாட்டு. யானையே நின்னுடும்."

"இதைவிடக் கை நீளமா இருக்கா பாய்?"

"கீது சார். ஆனா சார் படிச்சவரு, பாத்து மாட்டணும்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

படித்தவர். அது போதாதா எனக்கு?

புதுக் கடிவாளம் மாட்டி ஒரு வாரத்தில் மெர்சி என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். ஸ்வீட்டியின் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள்.

"பாருங்கப்பா. ஓரமெல்லாம் புண்ணாயிருக்கு. தாடைக்குக் கீழேயும் முடி போயிடுச்சு."

"புதுசு இல்லையா... பழகிடும்."

"அதுக்கா, நமக்கா?"

மகள் கேட்கும் சில கேள்விகளைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளாத ஒரு வசதி அப்பாக்களுக்கு உண்டு.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு மாலை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா, நான் லகானை விட்டுட்டேன். அவ நின்னுட்டா!"

"விட்டுட்டியா? பைத்தியமா உனக்கு?"

"இல்லப்பா, கேளுங்க. ரேஸ்ல ஜாக்கி லகானை டைட்டா பிடிச்சாதான் அவ ஓடணும். அப்படித்தான் பழக்கியிருக்காங்க. நாம நிறுத்தறதா நினைச்சு இழுக்கறோம், அவ ஓடச் சொல்றதா நினைச்சு ஓடறா. தொட்டு, விட்டுடணும். அவ்ளோதான். பழைய கம்பியே போதும்ப்பா."

எத்தனை எளிது. எத்தனை சரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? நெம்புகோலைப் பற்றி அவளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

முடிவில் ஓர் உடன்பாடு. கடிவாளம் நான் வாங்கியதே இருக்கும். சங்கிலியை மட்டும் தளர்த்தி, இரண்டு விரல் நுழையும்படி, அவள் மாட்டிக்கொள்வாள். அப்படியே மாட்டினாள். புண் ஆறத் தொடங்கியது. ஸ்வீட்டி ஏரிக்கரையில் எருமைகளுக்கு நடுவே சாதுவாக நடந்தாள்.

அதைப் பார்க்க ஒரு சனிக்கிழமை மாலை மாணிக்கமும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் வந்தார்கள். நான்தான் கூப்பிட்டேன். கிரேஸ் வாழைக்காய் பஜ்ஜி போட்டாள்.

"ரிவர்ஸ் கியரும் போட்டுட்டீங்களா சார்?" என்று மாணிக்கம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

மெர்சி குதிரைக்கு எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தொப்பி எடுக்க உள்ளே போனாள். நான் கொட்டகையில் ஸ்வீட்டியோடு தனியாக நின்றேன். தாடைக்குக் கீழே அந்தச் சங்கிலி தளர்வாகத் தொங்கியது. இவர்கள் முன்னால் மறுபடியும் ஓடிவிட்டால்?

கொக்கியைக் கழற்றினேன். சங்கிலியில் ஒரு கண்ணி தள்ளி இறுக்கி மாட்டினேன். மெர்சியிடம் சொல்லவில்லை.

மகள் விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் செய்தேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கே சொல்லி வந்தேன். பயம் பாதி. என் கடிவாளம்தான் குதிரையை நிறுத்தியது, அவள் வழி அல்ல என்று இருக்க வேண்டுமே... அது மீதி.

கரையில் ஸ்வீட்டி நன்றாகத்தான் போனாள். நடுவில் ஓர் ஆட்டோ படபடவென்று வெடித்துப் புகை கக்கிக்கொண்டு வந்தது. ஸ்வீட்டி மிரண்டாள். மெர்சி லகானை லேசாகப் பிடித்தாள். யாராக இருந்தாலும் பிடிப்பார்கள். தளர்ந்த சங்கிலி என்றால் அதைத் தாங்கியிருக்கும். இறுகிய சங்கிலியில் அந்த லேசான பிடி, நான் கணக்குப் போட்ட அத்தனை மடங்கும், வாயில் இறங்கியது. ஸ்வீட்டி முன்கால்களைத் தூக்கி நேராக எழுந்து நின்றாள். ஈரக் களிமண்ணில் பின்கால்கள் வழுக்கின. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். மெர்சியின் வலது கால் அடியில்.

எல்லோரும் மெர்சியிடம் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆனால் அதற்கு முன்னால், எழுந்து நடுங்கிக்கொண்டு நின்ற குதிரையைப் பிடித்து, அந்தச் சங்கிலியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்த வரியை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். காலடியில் மகள் கத்திக்கொண்டிருக்க, நான் முதலில் செய்த வேலை அது.

டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மெர்சியின் தலை கிரேஸ் மடியில். முகம் வெளுத்திருந்தது.

"என் தப்புதான்ப்பா. கையை இறுக்கிட்டேன்" என்றாள்.

"பேசாதேம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கப்புறம் எத்தனையோ வருடங்கள், அதைப் பற்றி நானும் பேசவில்லை.

முட்டி பழையபடி மடங்கவே இல்லை. அவள் குதிரை ஏறுவது அதோடு நின்றது. கிரேஸ், "அந்தப் பிசாசு இனி வீட்டுல நிக்கக் கூடாது" என்றாள். பல்லாவரம் பக்கத்திலிருந்து கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் வந்தார். வெளுத்த நிறம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மாவுக்கட்டோடு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மெர்சி ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அவ கெட்டவ இல்லைல்லப்பா?"

"கொஞ்சம் கோளாறு பிடிச்ச குதிரைதான்மா" என்றேன்.

கடிவாளத்தையும் அந்த ஆளுக்கே கொடுத்தேன். சங்கிலியையும் பையிலிருந்து எடுத்து, அதில் மாட்டித்தான் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வருடமோ என்னவோ, ஜி.எஸ்.டி. ரோட்டில், குரோம்பேட்டை அருகே பஸ் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது. பேண்டு, பெட்ரோமாக்ஸ் விளக்குகள், ஜிகினா போட்ட வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை பயந்துபோய் லகானை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். குதிரை நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கடிவாளத்தின் கைகள் நீளமாக இருந்தன. லகானை இறுக்கி, ஓடு என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், வாயைக் கிழித்து நிறுத்தவும் செய்கிறார்கள்... அது ஸ்வீட்டிதானா? இறங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் இறங்கவில்லை.

பொருந்தாததை ஒருவருக்கு மாட்டிவிட்டுப் "பழகிடும்" என்கிறோம். கடிக்கிற ஷூவை மாட்டும் பிள்ளையிடம் சொல்கிறோம். புகுந்த வீட்டில் முழிக்கிற மருமகளிடம் சொல்கிறோம். சொல்பவர் யாரும் அதை மாட்டிக்கொள்பவராக இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது தெரிய என் பற்களெல்லாம் விழ வேண்டியிருந்தது.

மெர்சி இப்போது வண்டலூரில் இருக்கிறாள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவாள். பின்னால் வருகிறவர்கள் "சீக்கிரம் போம்மா" என்பார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். யூனிஃபார்ம்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி, கண்ணி, சட்டைப் பை எல்லாவற்றையும். செட் குத்தியதால் பேச்சு குழறியது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சாகிற வரைக்கும் தெரியாது."

"நான் கையை இறுக்கலையாப்பா?"

"இறுக்கினே. யாரும் இறுக்கற அளவுக்குத்தான்."

கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். தன் காலைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்போ அவளை ஏன்ப்பா அனுப்பினோம்?" என்றாள்.

அதற்கு நான் தயாராகப் போகவில்லை.

இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு இஸ்திரியைத் தொடர்ந்தாள். பஸ் ஸ்டாப் வரை எப்போதும் கூட வருவாள். அன்று வரவில்லை.

நேற்று மறுபடியும் மாடி ஏறிப் போய், "பழகலை டாக்டர்" என்றேன். ஈறைப் பார்த்துவிட்டு, "சாரி அங்கிள், என் தப்புதான்" என்று அப்போதே ராவித் தேய்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டார் அந்தப் பெண்.

மெர்சி இன்னும் போன் பண்ணவில்லை.